ஸ்ரீரங்கத்தில் நான் போட்ட துரை நாற்காலிகள்

ஸ்ரீரங்கத்தில் நான் அலங்கரித்துக் கொடுத்த அந்தச் சின்ன சினிமாக் கொட்டகையைப் பார்த்தவர்கள் இன்று குறைவு. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வாசலில் உருண்டைத் தூண்கள், வளைவு வைத்த பச்சை ஜன்னல்கள், உள்ளே பித்தளை விளக்குகள். படம் பார்க்க வந்தவனுக்குக் கலெக்டர் பங்களாவுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். புது வார்னிஷ் வாசனை இப்போது எங்கே அடித்தாலும் எனக்கு அந்தக் கொட்டகைதான்.

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் செய்த வேலை அது. வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டுப் போனபோது கண்டோன்மெண்டில் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள் அல்லவா? ஒவ்வொரு ஏலத்துக்கும் போய், நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவன் நான்.

கொட்டகைக்கான நாற்காலிகளை உறையூரில் என் பட்டறையில் தேக்கில் செய்தேன். பிரம்புப் பின்னல், இரண்டு பக்கமும் சுருள் வைத்த கைப்பிடி. நான்கு நான்காக ஒரே வரிசையாகப் பிணைத்து மாட்டுவண்டியில் ஏற்றிக் காவிரிப் பாலம் தாண்டிக் கொண்டுபோனேன். கொட்டகை முதலாளி அரிசி வியாபாரி. சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பார்க்க நல்லாத்தான் இருக்கு. சனம் உக்காரணும் மேஸ்திரி. இல்லேன்னா எல்லாத்தையும் பிடுங்கிட்டு மெட்ராஸ்லேருந்து இரும்பு நாற்காலி இறக்கிடுவேன்."

அப்படி நடந்தால் திருச்சியில் ஒரு ஸ்டூல்கூட யாரும் என்னிடம் செய்யச் சொல்ல மாட்டார்கள்.

திறப்புக்கு முன்னால் தெருக்காரர்களுக்கு ஓர் இலவசக் காட்சி போட்டார். பாதிப் படத்திலேயே என் நாற்காலிகள் காலி. அத்தனை பேரும் முன்னால் தரை டிக்கெட் மணலில். ஓடிப்போய் ஒரு மாமியிடம் கேட்டேன்.

"ஏன் மாமி, நாற்காலி குத்துதா?"

"குத்தலைப்பா. காலை மடக்கிண்டு உட்கார முடியலையே! ரெண்டு பக்கமும் கட்டை. கலெக்டர் ஆபீஸ்ல காத்துண்டிருக்கறாப்பல காலைத் தொங்கப் போட்டுண்டு எத்தனை நாழி படம் பார்க்கறது?"

தப்பு என் வேலையில் இல்லை. வெள்ளைக்காரனுக்கே சம்மணம் போடத் தெரியாது, அவன் நாற்காலிக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலை ரம்பத்தோடு போனேன். ஓரத்துக் கைப்பிடிகளை மட்டும் விட்டுவிட்டு நடுவில் இருந்ததையெல்லாம் அறுத்தேன். நானே செதுக்கிய சுருள்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. இருக்கைப் பிரம்பை ஒரே நீளமாகப் பின்ன வைத்தேன். முதலாளி வந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடப்பாவி, சம்மணம் போட்டா நாலு பேர் எடத்துல மூணு பேர்தானேய்யா உக்காருவான்?"

"காலியா கெடக்கற நாலுக்கு நெறஞ்ச மூணு மேலுங்க முதலாளி."

திறப்பு நாளில் அதே மாமி குடும்பத்தோடு வந்தார். ஏறிச் சம்மணம் போட்டார், புளியோதரைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார். ஒருவரும் தரைக்கு இறங்கவில்லை. படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் ஒருவரும் எழவில்லை. கதவருகே நின்ற முதலாளி என்னிடம் ஓடி வந்தார்.

"என்னய்யா இது? அடுத்த ஆட்டத்துக்கு வெளியில கூட்டம் நிக்குது. எந்திரிக்க மாட்டேங்கறாங்களே!"

"கால் மரத்துப் போச்சுங்க. தேச்சு விட்டுக்கிட்டு இருக்காங்க, பாருங்க."

வரிசை வரிசையாகப் பாதத்தை உதறிக்கொண்டிருந்த சனத்தைப் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"மெட்ராஸ்காரனுக்கு வேணாம்னு சொல்லிடறேன். மாடிக்கும் நீயே நாற்காலி போட்டுடு" என்றார்.

மாடிக்கு அளவெடுக்கும்போது பலகையில் நானே சம்மணம் போட்டு உட்கார்ந்து, முழங்காலுக்கு வெளியே கைப்பிடிக்குக் கோடு கிழித்தேன்.