ஏட்டு உட்கார்ந்த இடம்

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் உள்ள எங்கள் அடுக்குமாடி வாசலில் பதினெட்டு வருஷமாகத் துணி தேய்க்கிற நாகவல்லிக்கு உடம்பில் ஒரு நோயும் கிடையாது. வயிற்றெரிச்சல் மட்டும் உண்டு, அதற்கு மாத்திரை கிடையாது. அடுத்த தெருக்காரி மூக்குத்தி மாற்றினால் இவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. அண்ணனூரில் நாத்தனார் வாங்கிய புது ஃபிரிட்ஜைப் பார்த்து இவள் விட்ட பெருமூச்சில் உள்ளே இருந்த தயிர் புளித்துப்போனதாகச் சொல்வார்கள். நான் அந்தத் தயிரைச் சாப்பிட்டவள். புளிப்புத்தான்.

வாசலுக்கு வலப்பக்கத்துப் புங்க மரத்தடி அவளுடையது. கரிப்பெட்டியின் கனமும் அவள் கையின் கனமும் சேர்ந்தால் கஞ்சி போட்ட பருத்திப் புடவை பலகை மாதிரி நிற்கும். மூன்றாம் மாடி சாவித்திரி கல்லூரியில் பாடம் சொல்கிறவர், திருநெல்வேலியிலிருந்து வந்து எட்டு வருஷமாகிறது. அவருடைய புடவைகள் தன் கையைத் தவிர வேறு கைக்குப் போகாது என்பதில்தான் நாகவல்லிக்கு அத்தனை கர்வமும். தேய்த்த புடவைகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பால்குடம் எடுப்பவள் போல மாடி ஏறுவாள்.

போன ஆடியில் வாசலுக்கு இடப்பக்கம் குணசேகரன் வந்து சேர்ந்தான். வானகரத்தில் ரோடு அகலமானதில் இடம் போனவன். கேஸில் சூடாகும் பெட்டி வைத்திருந்தான். போனில் ஒரு வரி எழுதிப் போட்டால் போதும், மாடிக்கே வந்து துணியை வாங்கிக்கொள்வான். இதையெல்லாம் நாகவல்லி பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். ஒரு வண்ணத்துப்பூச்சியைத்தான் பொறுக்க முடியவில்லை.

இடப்பக்கத்து மரத்தில் மின்கம்பிக்கு இடிக்கிறதென்று ஒரு கிளையை எப்போதோ வெட்டியிருந்தார்கள். அந்த ஓட்டை வழியாக ஒரு பாய் அகலத்துக்கு வெயில் இறங்கும். குணசேகரன் வண்டி நிழலில் இருக்கும், பக்கத்து நந்தியாவட்டைச் செடிமேல் வெயில் விழும். அங்கேதான் அந்தப் பூச்சி வந்து உட்கார்ந்தது. கன்னங்கரேலென்ற இறக்கை, பக்கத்துக்கு மூன்று வெள்ளைப் பொட்டு, சாய்த்துப் பார்த்தால் மட்டும் பொட்டைச் சுற்றி ஊதா மின்னும். காட்டோரத்துப் பூச்சி இது. மரங்களுக்கு நடுவே வெயில் விழுகிற இடமாகப் பார்த்து ஆண் உட்கார்ந்து பெண்ணுக்காகக் காத்திருக்கும். இன்னொரு ஆண் வந்தால் இரண்டும் சுழன்று சுழன்று மேலே போகும். தோற்றது தொலைந்துபோகும், ஜெயித்தது அதே இலைக்குத் திரும்பும். பெரும்பாலும் கிழிந்த இறக்கையோடு இருக்கிற வயசான பூச்சிதான் ஜெயிக்கிறது. இளசுக்கு இன்னும் நாள் இருக்கிறது, வேறு இடம் பார்த்துக்கொள்ளும். கிழத்துக்கு ஏது நாள்?

நம்ம பூச்சி தட்டானைத் துரத்தும், தேன்சிட்டைத் துரத்தும். ஒரு காக்கையை ஆவடி ஸ்டேஷன் வரைக்கும் துரத்தியது. ஆவடி போனதை நான் பார்க்கவில்லை, காக்கை திரும்பி வராததைப் பார்த்தேன். ரோந்து சுற்றுகிற அந்தத் தோரணைக்காகக் காவலாளி வேலுசாமி அதற்கு ‘ஏட்டு’ என்று பேர் வைத்தான்.

சாவித்திரியின் மகள் பவ்யா மூன்றாம் வகுப்பு. ஏட்டைப் பார்க்காமல் ஸ்கூல் வேனில் ஏறமாட்டேன் என்று அடம் பிடித்தாள். அதனால் சாவித்திரியும் தினம் இடப்பக்கம் போய் நின்றார். ஒருநாள் கையில் புடவைப் பை இருந்தது, எதிரே குணசேகரன் இருந்தான், கொடுத்துவிட்டார். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு செய்ததில்லை. வலப்பக்கத்திலிருந்து நாகவல்லி அதைப் பார்த்தாள். அன்றைக்கு ஒரே சட்டையை முக்கால் மணி நேரம் தேய்த்தாள். அந்தக் காலரில் வெங்காயம் நறுக்கியிருக்கலாம்.

அவனிடம் என்ன இருக்கிறது, தன்னிடம் என்ன இல்லை என்று மூன்று நாள் வேலையைப் போட்டுவிட்டு ஆராய்ந்தாள். மேகம் மூடினால் ஏட்டு காணாமல் போனது, வெயில் வந்தால் வந்தது. வெயில் நகர்ந்தால் அதுவும் இலை மாறி உட்கார்ந்தது. ஆக, அவன் ராசியில்லை, வெயிலின் ராசி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலுசாமியிடம் துரட்டியைக் கடன் வாங்கித் தன் மரத்தின் நடுக்கிளையை இழுத்து ஒடித்துத் தன் பக்கத்துச் செடிமேலும் வெயிலை இறக்கினாள். ஏன் என்று கேட்டவனிடம் கம்பளிப்பூச்சி கொட்டுகிறது என்றாள்.

மூன்றாம் நாள் கீறல் படாத இறக்கையோடு ஒரு இளவட்டம் அவள் பக்கத்துச் செடியில் வந்து உட்கார்ந்தது. பவ்யா ஓடிவந்தாள், பின்னால் பையோடு சாவித்திரியும் வந்தார். நாகவல்லியின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும், சீமந்தக்காரி தோற்றாள்.

ஆனால் மாதம் புரட்டாசி. பொன்னுருகக் காயும் என்று சும்மாவா சொன்னார்கள்? முதுகில் வெயில், முன்னால் கரி. சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவில் வண்டியை நகர்த்தவும் இடமில்லை. துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலை மிச்சம், நெற்றியே தெளித்தது. வண்டியில் குடையைக் கட்டினாள். குடையின் நிழல் செடிமேல் விழுந்தது, பூச்சி போய்விட்டது. மடக்கினாள், வந்தது. விரித்தாள், போனது. வாரம் முழுக்க இதே கூத்து. குடை இருந்தும் வெயிலில் நிற்பானேன் என்று சாவித்திரி கேட்டதற்கு, வெயில் எலும்புக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதாகச் சாதித்தாள்.

குணசேகரனுக்கே பாவமாக இருந்தது. “அக்கா, கொஞ்சம் இந்தாண்ட வந்து நெயல்ல நில்லு. தலை சுத்தி வுயுந்துடப் போறே” என்றான். அந்த இரக்கம் கரியைவிட அதிகமாகச் சுட்டது.

அடுத்த வியாழக்கிழமை காலை சாவித்திரி நான்கு புடவைகளை அவளிடம் நீட்டப்போன நேரத்தில், வாசலைத் தாண்டி ஏட்டு வந்தது. வலது இறக்கையில் யாரோ கடித்த மாதிரி ஒரு துண்டு இல்லை. இளவட்டத்தின் மேல் பாய்ந்தது. இரண்டும் சுழன்றபடி மூன்றாம் மாடிக்கு மேலே போயின. ஒன்றுதான் இறங்கியது, அதுவும் இடப்பக்கத்து இலைக்கு. பவ்யா அம்மாவின் கையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்தாள். பையும் கூடவே போயிற்று.

நாகவல்லி சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கற்களை எடுத்தாள். கரி கனன்றுகொண்டிருக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலைக் கடந்தாள். உள்ளே வந்த காரை வேலுசாமி நிறுத்தவேண்டியதாயிற்று. நந்தியாவட்டைக்கும் குணசேகரன் வண்டிக்கும் நடுவில் இடுப்பால் ஒரு இடி இடித்து நிறுத்தினாள்.

“இன்னாக்கா இது? இது என் எடம்.”

“ஆடில வந்தவனுக்கு இன்னா நைனா எடம்? இந்த கேட்டு வெக்கறதுக்கு மின்னாடியே வந்தவ நானு.”

“ரெண்டு வண்டி நிக்காதுக்கா.”

“ஆமா, நிக்காது” என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் கரி அள்ளிப் போட்டாள். அப்படியே சாவித்திரியின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். கொடுக்கவா வேண்டாமா என்று யோசிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

முழங்கை இடிக்க இடிக்கக் குணசேகரன் மத்தியானம் வரை தாக்குப்பிடித்தான். சாயங்காலம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வலப்பக்கம் போய்விட்டான். அவள் கிளையை ஒடித்துப் பொட்டலாக்கி வைத்த அதே இடம். அவன் புத்திசாலி, மறுநாளே மரத்துக்கும் மதிலுக்குமாக ஒரு புது நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். பூச்சி எதுவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இங்கே நிழல், ஏட்டு, நாலு பருத்திப் புடவை எல்லாம் நாகவல்லிக்கு.

நேற்று கீரை வாங்கிவரும்போது, இப்போதாவது நிம்மதிதானே என்று கேட்டேன். ஏட்டு அவள் தோளுக்குப் பக்கத்தில் இறக்கையை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

“அந்தத் தார்ப்பா எங்க வாங்கினான்னு கேட்டு சொல்லேம்மா” என்றாள். “இன்னா நீலம் பாரு அது.”