எண்ணெய் துடைக்காத டயர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிள்ளானில் ரிமோட் லோரி ஓட்டுகிறவர்கள் யாராக இருந்தாலும் டயர் ஒட்ட என்னிடம்தான் வருவார்கள். பெட்டியில் 'மான்ஸ்டர் டிரக்' என்று போட்டிருக்கும். வண்டி முழங்கால் உயரம்கூட இருக்காது, ஆனால் சக்கரம் ஒவ்வொன்றும் உரித்த தேங்காய் அளவு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருந்த செம்மண் திடலில் ஆறு தடிமாடுகள் வரிசையாக நின்று, ரிமோட்டைப் பிடித்து நாக்கைக் கடித்துக்கொண்டு பொம்மை ஓட்டுவோம். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. போர்ட் கிள்ளான் பக்கம் மெஷின் பழுது பார்க்கும் வேலை. கல்யாணம் ஆகவில்லை.

அந்த டயருக்குள் காற்று கிடையாது, ஸ்பாஞ்சுதான் இருக்கும். ரப்பரையும் ரிம்மையும் சேர்த்துப் பிடிப்பது பசை மட்டுமே. பசை பிடிக்க வேண்டுமானால் டயரின் உள்விளிம்பையும் ரிம்மின் பள்ளத்தையும் தின்னர் போட்டுத் துடைக்க வேண்டும். புது ரப்பரிலேயே ஒரு வழுவழுப்பு இருக்கும், அது போக வேண்டும். பிறகு டயரை மாட்டி, சுற்றிலும் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி, விளிம்பை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிச் சூப்பர் குளூவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இரண்டு கை போதாது. என் அக்காதான் சக்கரத்தைப் பிடித்துக்கொள்வாள். எங்கள் சாப்பாட்டு மேசையில் எத்தனை சக்கரம் ஒட்டியிருப்போம் என்று கணக்கே இல்லை.

திடலில் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். ஓட்டத்தில் யாருடைய டயர் கழன்று போகிறதோ, அந்த டயரை ராபியா பிளாஸ்டிக் கயிற்றில் கோத்து அவன் கழுத்தில் மாட்டிவிடுவோம். அன்று முழுக்க அவன் அதோடுதான் திரிய வேண்டும். தே தாரேக் குடிக்கக் கடைக்குப் போனாலும் கழற்றக் கூடாது. இந்தக் கேடுகெட்ட யோசனையைக் கொண்டுவந்தவன் நான்தான். என் கழுத்தில் அது ஒருநாளும் ஏறாது என்று எனக்குத் தெரியும்.

அக்காவுக்கு முப்பத்துமூன்று. அம்மா அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அவள் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் வேலை செய்தாள். விடியுமுன் எழுந்து சமைத்து, என் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டுத்தான் ரயிலுக்கு ஓடுவாள். அவளுக்கு வந்த வரன்கள் எல்லாம் ஏதேதோ காரணம் சொல்லித் தட்டிப் போயின. நானும் வருத்தப்படுவது போல முகத்தை வைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது. அசிங்கம்தான், ஆனால் உண்மை அது.

பிறகு அவர் வந்தார். அச்சகத்துக்குப் பக்கத்துக் கடையில் போட்டோஸ்டாட் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். சுங்கை பூலோக்காரர், முப்பத்தெட்டு வயது, அம்மாவுக்கு ஒரே பிள்ளை. அக்காவுக்கும் அவருக்கும் பிடித்துப்போயிற்று. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. என்னோடு பழக வேண்டும் என்பதற்காகவே அந்த மனிதர் ஒரு ரிமோட் லோரி வாங்கினார். வாங்கினதோடு நிற்காமல் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அதைத் துணியில் சுற்றி எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"தம்பி, நாளைக்கு அம்மாவ திடலுக்குக் கூட்டிட்டு வரேன். பொண்ணு பாக்குறேன்னு வீட்டுல வந்து உக்காந்தா எல்லாருக்கும் சங்கடம் லா. சும்மா பாத்துப் பேசட்டும். அம்மா சரின்னு சொல்லிட்டா அடுத்த மாசமே தட்டு மாத்திக்கலாம்."

துணியைப் பிரித்தார். லோரியின் நெற்றியில் சந்தனம், குங்குமம். நான்கு சக்கரமும் கன்னங்கரேலென்று மின்னின.

"நேத்து கோயில்ல பூஜை போட்டேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தினோம். ஐயருக்கே சிரிப்பு. புது வண்டி, பூஜை போடாம எப்படி எறக்குறது? டயருக்குத் தேங்காண்ணெய் பூசினேன். நல்லா இருக்கில்ல? சும்மாதான் மாட்டியிருக்கேன் தம்பி, நீதான் ஒட்டிக் குடுக்கணும்."

தொட்டுப் பார்த்தேன். எண்ணெய் ரிம்மின் பள்ளம் வரைக்கும் இறங்கியிருந்தது. அப்படியே ஒட்டினால் பசை தோலாக உரிந்து வரும். "விட்டுட்டுப் போங்கண்ணே, காலையில தரேன்" என்றேன்.

அன்றைக்கு அக்காவைப் பிடித்துக்கொள்ளக் கூப்பிடவில்லை. அவள் உள்ளே மறுநாளைக்கு நாசி லெமாக் சோறு கட்டுவதற்கு நெத்திலி கிள்ளிக்கொண்டு பாட்டு முணுமுணுத்தாள். அந்த முணுமுணுப்பைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தின்னர் டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மூடியைத் திறக்கவில்லை. ஒட்டினேன். இவர் கழுத்தில் டயர் மாலை ஏற வேண்டும், அதை அக்கா பார்க்க வேண்டும், பார்த்து இந்த ஆளா என்று அவள் முகம் சுண்டிப்போக வேண்டும். இவ்வளவுதான் நான் நினைத்தது.

மறுநாள் திடலின் ஓரத்தில் பாய் விரித்து அவருடைய அம்மாவும் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் அதிகம் பேசாத மனுஷி. அக்கா பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்ததும் ஒரு வாய் தின்றுவிட்டு, "சம்பல் நல்லா இருக்கு" என்றார். அக்கா வெட்கப்பட்டாள். அந்த மனிதர் வண்டியை இறக்கினார். முதல் சுற்று தாங்கியது. இரண்டாவது சுற்றில் மண்மேட்டில் ஏறிக் குதித்ததும் முன்பக்கத்து டயர் ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்தது. வண்டி வெறும் ரிம்மால் மண்ணைக் கிளறிக்கொண்டு போய்க் கவிழ்ந்தது.

கூட்டாளிகள் சும்மா இருப்பார்களா? ராபியா கயிறு தயாராக வந்தது. அவர் குனிந்து கழுத்தைக் கொடுத்தார். எண்ணெய்ப் பிசுக்கு வெள்ளைச் சட்டையில் அப்பியது. அவரும் சேர்ந்து சிரித்தார். அக்காவைப் பார்த்தேன். அவள் முகம் சுண்டவில்லை. சிரித்தாள், அவரைப் பார்த்து, அவ்வளவு ஆசையாக. நான் போட்ட திட்டம் என் முகத்திலேயே விழுந்தது.

ஆனால் அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

"பூஜை போட்ட வண்டி. மொத ஓட்டத்துலயே சக்கரம் கழண்டு போச்சு, அதுவும் பொண்ணு கண்ணு முன்னால. எனக்கு மனசு சரியில்லப்பா. வா, போலாம்."

சகுனம் என்று ஒன்று இருப்பதை நான் யோசிக்கவே இல்லை. அக்கா மெல்ல எழுந்து போய் அவர் கழுத்திலிருந்த டயரை எடுத்து உள்விளிம்பில் விரலை ஓட்டினாள். பிறகு எல்லோர் முன்னாலும் என்னிடம் கேட்டாள்.

"தின்னர் போட்டு தொடச்சியா?"

ஒரே வார்த்தை. இல்லை என்று சொல்லியிருந்தால் சகுனம் அங்கேயே செத்திருக்கும்.

"தொடச்சேன்" என்றேன்.

அவள் விரலில் ஒட்டியிருந்த எண்ணெயைப் பார்த்தாள். அவர்கள் போய்விட்டார்கள்.

அந்த வாரம் வீட்டில் பேச்சே இல்லை. சோறு வந்தது, சட்டை இஸ்திரியோடு வந்தது, அவள் வாய் மட்டும் திறக்கவில்லை. திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். தினமும் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பாள். கை கழுவ எழுந்ததும் அவளும் எழுந்துவிடுவாள். சனிக்கிழமை வரைக்கும்தான் என்னால் முடிந்தது. அவளிடம் சொல்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுங்கை பூலோவுக்குப் போனேன்.

அவர் வேலைக்குப் போயிருந்தார். அந்த அம்மாள் சிரித்த முகமாகக் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, ஏதோ பேச வாயெடுத்தார். நான் பேசவிடவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை மறந்துவிடுவேனோ என்று பயம். எண்ணெயைத் துடைக்கவில்லை, வேண்டுமென்றேதான், அவரைக் கேவலப்படுத்தத்தான், அக்கா போய்விட்டால் நான் தனியாகிவிடுவேன் என்றுதான். எல்லாவற்றையும் கொட்டினேன். கொட்டி முடித்தபோது நெஞ்சு லேசாகிவிட்டது. என்னை நானே கொஞ்சம் மெச்சிக்கொண்டேன்கூட.

அந்த அம்மாள் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்துவைத்தார்.

"சகுனம் சரியில்லன்னா அதுக்குப் பரிகாரம் இருக்கு தம்பி. இதுக்கு என்னா இருக்கு? கூடப் பொறந்தவளுக்கே இப்படிப் பண்றவன் வீட்டுல எம்புள்ள பொண்ணு எடுக்க மாட்டான். எந்திரி."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். சுங்கை பூலோ என்றதுமே கையில் இருந்த வேலையை வைத்துவிட்டாள். முழுவதையும் கேட்டாள்.

"புதன்கிழமை அவரு போன் பண்ணாரு" என்றாள். "அம்மாவ கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி பூ வச்சுக் கேட்டிருக்காரு. நல்லதா வந்துருச்சாம். அடுத்த வாரம் தட்டோட வரோம்னு அவங்களே போன்ல சொன்னாங்க."

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"நீயா எங்கிட்ட வந்து ஒத்துக்குவேன்னு காத்திருந்தேன். ஒத்துக்கிட்ட பின்னால சொல்லலாம்னு இருந்தேன். நீ அங்க போயி சொல்லிட்டு வந்திருக்க."

அவர் அம்மாவின் பேச்சைத் தாண்டாத பிள்ளை. ஒருமுறை போன் செய்தார். அக்கா, "சரிங்க, பரவாயில்லைங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தாள். அந்த வருஷத்துக்குள்ளேயே அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று.

சுங்கை பூலோ போய்வந்த அடுத்த திங்கட்கிழமை நான் எழுந்தபோது மேசையில் சாப்பாடு மூடியிருந்தது. சட்டை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தது. நான் ஆசைப்பட்டபடியே எல்லாம் இருந்தது. அக்கா எங்கேயும் போகவில்லை.