மைக்கா தகடும் வேர்வைக் கையும்

மின்சாரக் காரின் ஹீட்டரில் உயர் அழுத்த மின்சாரம் கசியாமல் தடுப்பது மெல்லிய மைக்கா தகடு. அதைச் சோதிப்பவருக்குத் தன் வேலைமேல் அபார நம்பிக்கை. அன்று வந்த தகடுகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. தகடு அனுப்பிய கம்பெனியை நடத்தும் அம்மாவைப் போனிலேயே வறுத்தெடுத்தார். அந்த அம்மா நேரில் வந்து, கையுறை மாட்டிக்கொண்டு, அதே பெட்டியிலிருந்து புதுத் தகடு ஒன்றை எடுத்துக் கருவியில் வைத்தார். தேறியது. அடுத்ததும் தேறியது.

"இப்ப நீங்க ஒண்ணு வைங்க சார்."

சோதனைக்காரர் வெறுங்கையால் வைத்தார். கருவி வீலென்று கத்தியது. தகட்டில் அவருடைய ஐந்து விரல் வேர்வையும் அச்சடித்தாற்போலத் தெரிந்தது. 'கையுறை இன்றித் தொடாதே' என்று சுவரில் எழுதி ஒட்டியவரே அவர்தான்.

"தகடெல்லாம் இருக்கட்டும் மேடம், என்னைய ரிஜெக்ட் பண்ணிடுங்க" என்றார், அசடு வழிய. அந்த அம்மா சிரித்தேவிட்டார்.

பிறகு சோதனைக்காரர் கையுறை தேடக் கிளம்பினார். அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று பக்கத்து மேசைக்காரரைத்தான் கேட்க வேண்டியிருந்தது.