திலகா சாமி பார்க்கப் போகிறாள்

திருப்புலிவனத்துத் திலகாவுக்கு ஒரே சாமிதான். ஊர் அம்மனையும் கும்பிடுவாள், அது மரியாதைக்கு. மனசு போய் ஒட்டிக்கொண்டது சிவன் கோயில் கருவறையில். சாயங்காலம் பாலைக் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு நேராக அங்கே போய் நிற்பாள். அவரிடம் கேட்க அவளுக்கு ஒன்றும் கிடையாது. பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

ஒருத்தி தினமும் கோயிலுக்குப் போனால் ஊர் சும்மா விடுமா? வழியிலேயே மடக்கினார்கள். என் மூட்டுவலியைச் சொல்லு, என் பையன் வேலைக்கு வேண்டிக்கோ, வரும்போது விபூதி கொண்டா. திலகாவுக்கு மறுக்க வாய் வராது. ஒருநாள் யாரையும் விட்டுவிடக் கூடாதே என்று கண்ணை மூடி முணுமுணுத்தவள், குருக்கள் தட்டை நீட்டியபோதுதான் விழித்தாள். தீபாராதனை முடிந்திருந்தது. சாமியைப் பார்க்கவே இல்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து யார் கேட்டாலும் முடியாது என்றாள். கோயில் திறந்துதானே இருக்கிறது, நீங்களே வாருங்கள் என்றாள். திமிர் பிடித்தவள் என்று பேர் கிடைத்தது, போகட்டும் என்று விட்டாள். பக்கத்து வீட்டிலிருக்கும் அண்ணன் மனைவி தேவகி வந்து நின்றபோதுதான் மறுப்பது கஷ்டமாகிவிட்டது. திலகாவுக்கு ஜுரமென்றால் கஞ்சி வைத்துக் கொண்டுவருகிறவள் அவள். மகள் ஜெயப்பிரியாவுக்கு நல்லபடி பிரசவமாக வேண்டும், அதற்கு வேண்டிக்கொள்ளச் சொன்னாள்.

"அண்ணி, ஆஸ்பத்திரிக்கு எப்ப கூப்ட்டாலும் தொணைக்கு வரேன். சாமிகிட்ட மட்டும் யாரு சேதியும் எடுத்துக்கினு போவ மாட்டேன். எனக்குன்னு கீறது அது ஒண்ணுதான்."

"எனக்குக்கூடவா?"

"உனக்குந்தான், அண்ணி."

தேவகி விருட்டென்று போய்விட்டாள். பேச்சும் நின்றது. திலகாவுக்கு நெஞ்சு உறுத்தியது. ஆனாலும் சன்னதியில் நின்றால் அவரும் அவளும் மட்டும்தான், குறுக்கே ஒருவரும் இல்லை. பல நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டது போலிருந்தது.

ஒரு சாயங்காலம் தேவகி தானே கோயிலுக்கு வந்தாள். திலகாவைக் கண்டும் காணாததுபோல் அவளுக்கு நேர் முன்னால் போய் நின்று, கைகூப்பி, மகள் பேரைச் சொல்லி வாய்விட்டு வேண்டினாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. திலகாவுக்குப் பாசம் பொங்கியது. மணி அடித்தது. உள்ளே தீபம் ஏறியது.

திலகா அவள் தோளை மெல்லத் தொட்டாள்.

"அண்ணி, கொஞ்சம் தள்ளி நில்லு. மறைக்குது."

தேவகி திரும்பி முறைத்தாள். அப்புறம் வந்த சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஓர் ஆள் நிற்குமளவு நகர்ந்து கொடுத்தாள்.