அன்று நான் பேசியிருக்கக் கூடாது

ஜெர்மனியின் பான் நகரில் ஒரு பேஸ்போல் மைதானத்தில் புல் வெட்டுவது என் வேலை. கூச்சத்தால் யாருடனும் அதிகம் பேசமாட்டேன். இருபது வருடமாகப் பந்து வீசுவதையே தொழிலாகக் கொண்ட ஓர் அமெரிக்கருக்கு அன்று கடைசி ஆட்டம். மரங்களிலிருந்து வெள்ளைப் பஞ்சு மைதானமெங்கும் மிதந்துகொண்டிருந்தது. கனவுக்குள் நிற்பது போலிருந்தது.

கடைசிச் சுற்றுக்கு முன் அவர் ஆட்டக்காரர்கள் இருக்கும் நீள வாங்கின் ஓரத்தில் தனியே இருந்தார். அவருடைய அணியினர் ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஏதோ கோபம் என்று நினைத்தேன். மனம் கேட்கவில்லை. பக்கத்தில் போய் இருந்து, என் தேநீரை நீட்டி, "களைத்துவிட்டீர்களா?" என்று ஜெர்மனில் கேட்டேன். சிரித்தபடி வாங்கிக் குடித்தார்.

அடுத்து அவர் வீசிய முதல் பந்தையே எதிரணிக்காரன் ஓங்கி அடித்தான். பந்து பஞ்சுக்குள் மறைந்தது.

ஆட்டம் முடிந்ததும் அவருடைய அணியில் ஆடும் தமிழ்ப் பையன் ரமணன் என்னிடம் ஓடிவந்தான்.

"ஐயோ அண்ணை! அதுவரைக்கும் அவற்ற பந்தை ஒருத்தராலயும் அடிக்க ஏலேல்லை. அப்பிடியான நாளில வீசுறவரோட கதைச்சா ராசி போயிடும். வருசம் முழுக்க வாய் திறக்காத உங்களுக்கு இண்டைக்கெண்டு என்ன வந்தது?"

ஓர் ஆட்டம் முழுவதும் ஒருவரும் அடிக்க முடியாதபடி வீசிய பெருமை அவருக்கு இனி ஒருநாளும் கிடைக்காது. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"இதுக்கு முதல் நாலு தடவை இவ்வளவு கிட்ட வந்தேன்," என்றார். "ஒருத்தரும் பேசவில்லை. நாலு தடவையும் அடித்துவிட்டார்கள். இந்தத் தடவைதான் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தது."

என் கூச்சத்தை மரியாதை என்று நினைத்து நான் விலகி நின்ற மனிதர்கள் ஒவ்வொருவராக அப்போது நினைவுக்கு வந்தார்கள்.