கிளிஞ்சலில் விழுந்த துளி

நாற்பதுகளின் தொடக்கம். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. புதுக்கோட்டை சமஸ்தானத்துப் பொன்னமராவதிச் சந்தையில் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். முடிந்தது என்று சொல்ல முடியாது. ஒன்று பாக்கி இருந்தது. என் பல்.

எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த எல்லோருக்கும் முன்பல்லில் பழுப்புக் கோடு விழும். பல் உறுதிதான், நிறம்தான் அப்படி. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா என்னைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்தார். "பல்லைச் சரிபண்ணுனாத்தான் தாலி" என்று சொல்லிவிட்டுப் போனார். மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பது போல இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அப்பா இல்லாத வீடு. இந்த இடத்தை விட்டால் வேறு இடம் வராது என்று அம்மா அழுதாள். அடங்கிக் கிடந்தேன்.

சந்தைக்கு அந்த அம்மாளே எங்களை வரச் சொன்னார். அங்கே பல் கட்டுகிறவர் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். பிடுங்கிவிட்டுப் பொய்ப்பல் வைக்கலாம், அரத்தால் அராவித் தங்கத் தகடு போர்த்தலாம் என்று அவர் அடுக்க, அந்த அம்மாள் புடவை பார்ப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டும் வேணாம்னா இந்த மருந்து இருக்குங்க. தொட்டு வச்சா முத்து மாதிரி வெளுத்துரும்" என்று அவர் ஒரு புட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"மருந்தே போதும். பொய்ப்பல்லுக்காரியக் கட்டுனான்னு ஊரு சிரிக்கும். தங்கம் போட்டா என்னத்த மறைச்சாகன்னு கேப்பாக" என்றார் அந்த அம்மாள்.

பல் கட்டுகிறவர் புட்டியைத் திறந்தார். நெடி மூக்கில் ஏறியது. பக்கத்தில் சுண்ணாம்புக்காரி கிளிஞ்சலைக் குவித்து வைத்திருந்தாள். ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"மொதல்ல இதுல விடுங்க."

"இதுல எதுக்கு ஆத்தா?"

"இதுவும் பல்லு மாதிரி வெள்ளையா, கெட்டியா இருக்குல்ல. என்ன ஆவுதுன்னு பாப்போம்."

அவர் தயங்கினார். "விடுய்யா, மருந்துதானே? கிளிஞ்சலு செத்தா போயிரும்?" என்றாள் சுண்ணாம்புக்காரி. கூட்டம் சிரித்தது. ரோஷத்தில் ஒரு துளி விட்டார். புசுபுசுவென்று நுரைத்தது. துடைத்துப் பார்த்தால், விழுந்த இடத்தில் கிளிஞ்சல் அரித்துக் குழிந்திருந்தது.

"இதையா என் வாயில வைக்கச் சொல்றீங்க?"

"பொட்டச்சிக்கு இம்புட்டு வாயா!" என்று அந்த அம்மாள் கத்தினார். "அப்ப அராவித் தங்கத்தைப் போடு. இந்தப் பல்லோட எங்க வாசப்படி மிதிக்கக் கூடாது."

"மிதிக்கலை. நல்ல பல்லை அராவவும் மாட்டேன்."

அம்மா என்னை அறைவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாளைப் பார்த்தாள். "சம்பந்தம் வேணாங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றாள். குரல் நடுங்கவே இல்லை. என்னிடம், "வாடி, கரும்பு வாங்கித் தாரேன்" என்றாள். சந்தை முழுக்க இருவரும் கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டே நடந்தோம்.

பிறகு எனக்குக் கல்யாணம் நடந்தது, நிறைவாகவே வாழ்ந்தேன். பல்லை அழகாக்க யார் என்ன செய்துகொண்டாலும் அது அவரவர் இஷ்டம். ஆனால் அடுத்தவர் கட்டளைக்கு வாயைத் திறக்க மறுத்த அன்று என் அம்மாவின் பயமும் விட்டுப்போனதே, அதுதான் இன்றுவரை என் வாழ்க்கையின் பெரிய ஜெயம்.