ரயிலுக்கு அனுப்பிய பாடங்கள்

என் மகள் மூன்றாம் வகுப்புக்குப் போன ஆண்டு, அவள் வாசிப்பதைக் கேட்பதற்கு வீட்டில் ஓர் ஆள் தேவைப்பட்டது. எழுத்துகள் அவளுக்குத் தெரியும். சொற்களின் பொருளும் தெரியும். ஆனால் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் முதல் வரியிலேயே குரல் உள்ளே போய்விடும். வகுப்பாசிரியை என்னை அழைத்து ஒரு யோசனை சொன்னார். "தினமும் பத்து நிமிஷம் சத்தமா படிக்கட்டும். யாராவது ஒருத்தர் உக்காந்து கேட்டா போதும். திருத்தாதீங்க, கேளுங்க. பயம் தானா போயிடும்."

திருத்தாமல் கேட்பதுதான் எனக்கு வராது. நான் சமூகப்பணியில் பட்டம் பெற்றவள். ஆவடியைச் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டங்கள் நடத்துவது என் வேலை. பிள்ளை வாசிக்கும்போது குறுக்கிடாதீர்கள் என்று ஊராருக்கெல்லாம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவேன். என் மகள் ஒரு சொல்லில் தடுக்கியதும், அவள் மூச்சு விடுவதற்குள் அந்தச் சொல்லை நானே சொல்லிவிடுவேன். என் முகத்தைப் பார்த்தபடி வாசிக்கிற குழந்தை, புத்தகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. ஆகவே, கேட்பவர் அவள் அப்பாவாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

அவர் பட்டாபிராமிலேயே பிறந்து வளர்ந்தவர். சென்ட்ரலுக்கு அருகில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை. காலை ஏழு மணிக்கு முன் கிளம்பினால் இரவு எட்டரைக்குத்தான் திரும்புவார். அதற்குள் மகள் தூங்கி வழிவாள். அதனால் இப்படி ஓர் ஏற்பாடு செய்தேன். மாலை ஆறரை மணிக்கு அவள் என் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து, பாடத்தை வாசித்துப் பதிவு செய்து அப்பாவுக்கு அனுப்ப வேண்டும். அவர் ரயிலில் வரும்போது அதைக் கேட்டுவிட்டு, அவள் சாப்பிட உட்காருவதற்குள் பதில் எழுத வேண்டும். பாராட்டு அன்றைக்கே வந்து சேர வேண்டும், மறுநாள் வந்தால் பயனில்லை என்று கணவரிடம் வலியுறுத்திச் சொன்னேன். அவரும் மகிழ்ச்சியாகத்தான் ஒப்புக்கொண்டார்.

இரண்டே வாரத்தில் மாற்றம் தெரிந்தது. மாடிப்படியிலிருந்து வரும் குரல் அடுப்படி வரை கேட்டது. நான் சொற்களைக் கவனிக்கவில்லை. குரல் தயங்காமல் ஓடுவதை மட்டும் கேட்டு நிம்மதியாகச் சமைத்தேன். அந்த நிம்மதியில் ஒரு கூட்டத்தில் எங்கள் வீட்டையே எடுத்துக்காட்டாகச் சொன்னேன். வேலைக்குப் போகும் அப்பாக்களும் பிள்ளையின் படிப்பில் பங்கெடுக்கலாம், பக்கத்தில் இருக்கவேண்டும் என்ற அவசியமில்லை என்றேன். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மேடம், கம்பிய புட்சி தொங்கினு வர்ற ஆளு, காதுல பாடம் கேட்டுகினு வருவாரா?"

"எங்க வீட்டுல கேக்கறாரும்மா. தினமும் பதில் போடறாரு."

"அப்ப உங்க ஊட்டுக்காரரு தங்கம். எங்க ஊட்டுல கீறது போன் பண்ணாலே எடுக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் ஏழு தாய்மார்கள் தங்கள் வீட்டில் இதைச் செய்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சிரித்தவரும் அவர்களில் ஒருவர்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அலுவலகப் படிவம் ஒன்றைக் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தபோது, என் விரல் பட்டு மகளின் பதிவு ஒன்று ஓடத் தொடங்கியது.

"அப்பா, இன்னிக்கு எங்க கிளாசுக்குள்ள எரும மாடு வந்துச்சு. டீச்சர தூக்கினு ஓடிடுச்சு. ஹெச்செம் பின்னாடியே பெரம்ப எடுத்துகினு ஓடுனாங்க. அவ்ளோதான். டாட்டா."

கீழே அவருடைய பதில் இருந்தது. "சூப்பர்டா தங்கம். நல்லா படிச்ச."

முதலில் சிரித்துவிட்டேன். அப்பாவும் மகளும் ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் பதிவின் ஓரத்தில் இருந்த சின்ன மைக் படம் கண்ணில் பட்டது. நாம் அனுப்பிய குரலை மறுமுனையில் இருப்பவர் கேட்டுவிட்டால் அது நீலமாகும். கேட்கும்வரை சாம்பல் நிறத்திலேயே இருக்கும். அது சாம்பல் நிறத்தில் இருந்தது. மேலே தள்ளிப் பார்த்தேன். முந்தின நாளும் சாம்பல். அதற்கு முந்தின நாளும் சாம்பல். முதல் ஒன்பது நாட்கள் மட்டுமே நீலம். பதில்கள் மட்டும் ஒரு நாள்கூடத் தவறாமல் இருந்தன: சூப்பர், அருமை, கைதட்டும் படம், என் சிங்கக்குட்டி.

அடுப்பை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். நிறம் மாறாமல் போன பிறகும் சில நாட்கள் அவள் ஒழுங்காகவே வாசித்திருந்தாள். பிறகு ஒரு பாடத்தின் நடுவில் நிறுத்தி, "அப்பா, கேக்குதா?" என்று கேட்டுவிட்டுத் தொடர்ந்திருந்தாள். அடுத்த நாள், முந்தின நாள் வாசித்ததையே திரும்ப வாசித்திருந்தாள். அதற்கடுத்த நாள் பேச்சே இல்லை; தெருவில் போகும் தண்ணீர் லாரியின் ஹாரனும் எங்கள் வீட்டுக் குக்கரின் விசிலும் மட்டும் இரண்டு நிமிடம் பதிவாகியிருந்தன. அதற்கும் அருமை என்று பதில் வந்திருந்தது. அதன் பிறகு, ரகசியம் பேசும் குரலில் ஒரு பதிவு.

"அப்பா, இத நீ கேட்டீன்னா வரும்போது ஒரு கொய்யாக்கா வாங்கினு வா. உப்பு மொளகா போட்டது. கேட்டா மட்டும் வாங்கினு வா."

அந்த இரவு எனக்கு நினைவிருந்தது. தூங்காமல் காத்திருந்து, அப்பா வந்ததும் அவருடைய பையைத் திறந்து உள்ளே பார்த்தாள். "வந்ததும் வராததுமா பைய நோண்டாத" என்று நான் அதட்டினேன். பையை மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றைக்குப் பிறகு அவள் ஒரு பாடம்கூட வாசித்து அனுப்பவில்லை. அடுப்படியில் நான் கேட்டுப் பெருமைப்பட்டது எருமை மாட்டையும் அதைப் போன்றவற்றையும்தான்.

"உனக்கு எத்தன நாளா தெரியும்?" என்று மகளிடம் கேட்டேன்.

"கலர்தான் மாறலையே."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அப்பாகிட்ட மீட்டிங் மாரி பேசுவ. அப்பா பாவம்."

எட்டு வயதுக் குழந்தை, தன்னை ஏமாற்றியவரை என்னிடமிருந்து காப்பாற்றியிருக்கிறது. அவர் செய்தது ஒரு பக்கம் சுட்டது. இது வேறு விதமாகச் சுட்டது.

அவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன். "இன்னிக்கு பாப்பா என்ன படிச்சா?"

"இன்னிக்கா? அதான், அந்தக் கதை. நல்லா படிச்சிச்சும்மா. திக்கவே இல்ல."

தடுமாற்றமே இல்லை. சிரித்த முகத்தோடு சொன்னார். பத்து ஆண்டுகளில் இந்த முகத்தோடு எனக்கு வேறு என்னென்ன சொல்லியிருப்பார் என்ற எண்ணம் வந்தது. அது இன்றுவரை முழுதாகப் போகவில்லை. கைப்பேசியை எடுத்து எருமை மாட்டை ஓடவிட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஹெட்போன் புட்டுக்கிச்சும்மா. ரயிலு பொட்டில மூச்சு வுட எடம் கீதா? எல்லார் எதிர்லயும் சத்தமாவா வெச்சி கேக்கறது? நீதான பதில் லேட்டாவக் கூடாதுன்ன? போட்டன்ல?"

"கேக்காம போட்டீங்க."

"நீ ஊட்லதான கீற. ஒரு நாளாச்சும் மாடிப்படியில போய் நீ கேட்டியா?"

கேட்கவில்லை. அந்தக் குற்றத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது அவருடைய குற்றத்தைக் குறைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இன்று கேட்க முடியவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் குழந்தை ஏமாற்றமடைந்திருக்கும். ஆனால் கேட்ட நாள் எது, கேட்காத நாள் எது என்பது அதற்குத் தெரிந்திருக்கும். பாராட்டு தவறாமல் வந்ததுதான் கெடுதல். குக்கர் விசிலுக்கும் அருமை என்று வந்த பிறகு, முதல் ஒன்பது நாட்களில் உண்மையாகக் கேட்டு அவர் எழுதிய பாராட்டுக்கும் மதிப்பில்லாமல் போனது. அவளுடைய பயத்தைப் போக்கியது அந்தப் பாராட்டுதான்.

அடுத்த கூட்டத்தில் என்ன சொல்வது என்று இரண்டு நாட்கள் யோசித்தேன். மைக்கின் நிறத்தைப் பாருங்கள் என்று சொன்னால் ஏழு வீடுகளில் சண்டை வரும். சொல்லாவிட்டால் ஏழு பிள்ளைகளில் எத்தனை பேர் மாடிப்படியில் உட்கார்ந்து எருமை மாட்டுக் கதை சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று தெரியாது. கடைசியில், எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொன்னேன். பதிவு வேண்டாம், ஐந்து நிமிடமானாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள் என்றேன். முதல் கூட்டத்தில் சிரித்த அம்மா இந்த முறை சிரிக்கவில்லை.

"வுடுங்க மேடம். பாப்பா இப்ப படிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

படிக்கவில்லை. மூன்று வாரம் அவள் சத்தமாக ஒரு வரியும் வாசிக்கவில்லை. வகுப்பிலும் குரல் பழையபடி உள்ளே போய்விட்டது என்று ஆசிரியை சொன்னார். என் கணவர் புது ஹெட்போன் வாங்கி வந்தார். அவள் அதைப் பார்க்கவேயில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டுத் தரையில் அவளருகில் உட்கார்ந்தார். நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டேன், வாயைத் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்து அவள் புத்தகத்தைத் திறந்தாள். குளத்தில் தண்ணீர் வற்றியபோது ஆமை என்ன செய்தது என்ற பாடம். மெல்லிய குரலில் நான்கு வரி வாசித்தாள். நிறுத்தினாள். விரலை வரியின் மேலேயே வைத்துக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் இப்ப என்னா படிச்சேன்?"

அவர் நான்கு வரியையும் ஏறக்குறைய அப்படியே திருப்பிச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு விரலைக் கீழே நகர்த்தினாள். இன்னும் இரண்டு வரி வாசித்தாள். மறுபடி நிறுத்தினாள்.

"இப்ப?"